மேனேஜர் லீவில் போகும்போது

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தலைமைப் பண்பு பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். அதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தயங்கினேன். "அப்ப உனக்கு என்னதான் தெரியும்?" என்றார். "அளக்கத் தெரியும்ணே" என்றேன். "சரி, அதையே பேசு" என்று போனை வைத்துவிட்டார். ஆகவே தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு நிறுவனத்தில் தலைவர் இருப்பதால் என்ன நடக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் இந்த விஷயத்துக்குள் வந்ததே வேலை நிமித்தமாகத்தான். இயந்திர பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் சூப்பர்வைசர்களை எல்லாம் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப்போய் மூன்று நாள் தலைமைப் பயிற்சி கொடுத்தார்கள். கயிறு இழுத்தார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள், கடைசி நாள் எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும், "இதனால என்ன பலன்னு ஒரு கணக்கு குடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு ஷாஃப்டை அளக்க மைக்ரோமீட்டர் இருக்கிறது. இதை அளக்க என்ன இருக்கிறது? தேடிப் போனேன். நிறைய இருந்தது.

நம் மெட்ராலஜி லேப் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்லிப் கேஜை வெறும் கையால் தொட்டால் திட்டு விழும். கைச் சூட்டில் அது விரிந்துவிடும், பிறகு நீ அளப்பது பாகத்தையா உன் கையையா என்று சார் கேட்பார். (சார் முன்வரிசையில் சிரிக்கிறார்.) தலைமையை அளக்கும் கருவிகளில் பெரும்பாலானவை கைச் சூடு ஏறிய கருவிகள்தாம் என்பதுதான் நான் முதலில் தெரிந்துகொண்டது.

மிகப் பழைய கருவி கேள்வித்தாள். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1940-களின் பிற்பகுதியில் இது பெரிய அளவில் ஆரம்பித்தது. உங்கள் மேலதிகாரி இப்படிச் செய்வாரா, எப்போதுமா, எப்போதாவதா, ஒருபோதும் இல்லையா என்று தொழிலாளர்களிடம் கேட்டு, விடைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லாம் இரண்டு கட்டுகளாகப் பிரிந்தன. ஆட்களிடம் அக்கறை காட்டுவது ஒன்று. வேலையை வகுத்து, இன்னார் இன்னது செய்ய வேண்டும் என்று நிறுத்துவது இன்னொன்று. இன்றைக்கு நம் கம்பெனிகளில் வருஷா வருஷம் நிரப்பச் சொல்லும் படிவங்களுக்கு இதுதான் கொள்ளுத் தாத்தா.

இந்தக் கருவியில் என்ன கோளாறு என்பதை 1975-இல் பேரி ஸ்டா என்பவர் ஒரு சின்னச் சோதனையில் காட்டினார். மாணவர்களை மூன்று மூன்று பேராக உட்காரவைத்து, ஒரு கம்பெனியின் கணக்கறிக்கையைக் கொடுத்து, அடுத்த வருஷ விற்பனையையும் பங்குக்கு வரும் வருமானத்தையும் கணிக்கச் சொன்னார். முடிந்ததும் சில குழுக்களிடம் "பிரமாதமாகச் செய்தீர்கள்" என்றார், சிலவற்றிடம் "மோசம்" என்றார். அவர்கள் உண்மையில் எப்படிச் செய்தார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலத்தான். அதன் பிறகு, உங்கள் குழு எப்படி நடந்துகொண்டது என்று கேட்டார். நன்றாகச் செய்தோம் என்று நம்பியவர்கள், எங்களுக்குள் ஒற்றுமை இருந்தது, மனம்விட்டுப் பேசினோம், ஊக்கமாக இருந்தோம் என்று எழுதினார்கள். மோசம் என்று கேட்டவர்கள் அதையெல்லாம் குறைத்து எழுதினார்கள். நடந்தது ஒன்றேதான். ரிசல்ட் தெரிந்த பிறகு ஞாபகமே மாறிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து வேறு ஆராய்ச்சியாளர்கள் மேலதிகாரியை வைத்தே இதைச் செய்து பார்த்தார்கள். ஒரே மேலதிகாரியைப் பற்றிய ஒரே விவரணை. அவருடைய பிரிவு நன்றாகச் செய்தது என்று சிலருக்கும் மோசமாகச் செய்தது என்று சிலருக்கும் சொன்னார்கள். மார்க் அதற்கேற்றபடி ஏறியது, இறங்கியது.

லாபம் வந்த கம்பெனியில் போய் "உங்கள் தலைவர் எப்படி?" என்று கேட்டால் "தொலைநோக்கு உள்ளவர்" என்பார்கள். நஷ்டம் வந்த பிறகு அதே மனிதரைப் பற்றிக் கேட்டால் "பிடிவாதக்காரர்" என்பார்கள். தலைவரால் லாபம் வந்ததா, லாபத்தால் தலைவர் வந்தாரா? விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வெற்றிக் கதைப் புத்தகங்களை இந்தக் கேள்வியோடு ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பாதி புத்தகத்தைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவீர்கள்.

கேள்வித்தாளை நான் முழுக்க ஒதுக்கவில்லை. கேட்கும் இடத்தையும் எண்ணும் இடத்தையும் பிரித்துவிட்டால் அதற்கும் பயன் உண்டு. ஓஹாயோ குழுவில் இருந்த எட்வின் ஃப்ளீஷ்மன், ஹாரிஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு டிரக் தயாரிக்கும் ஆலையில் 57 ஃபோர்மேன்களை ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டார். ஃபோர்மேனின் குணத்தைத் தொழிலாளர்களிடம் கேட்டார்கள். பலனை அவர்களிடம் கேட்கவில்லை; எத்தனை புகார் மனு எழுதிக் கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று ஆலையின் ரிஜிஸ்டரிலிருந்து எண்ணினார்கள். அக்கறை இல்லாத ஃபோர்மேன் கண்டிப்பாக இருந்தாலும் சரி, தளர்வாக இருந்தாலும் சரி, புகாரும் ஆள் விலகலும் ஜாஸ்தி. அக்கறை உள்ள ஃபோர்மேன் எவ்வளவு கண்டிப்பு காட்டினாலும் புகார் அதிகம் கூடவில்லை. கண்டிப்பைத் தாங்கிக்கொள்வார்கள், யாருடைய கண்டிப்பு என்பதைப் பொறுத்து. இது நம் வீட்டிலேயே பார்த்ததுதான்.

என் ரிசார்ட் கணக்குக்கும் அதே ஃப்ளீஷ்மனிடம்தான் விடை கிடைத்தது. டிராக்டரும் டிரக்கும் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி தன் ஃபோர்மேன்களை மனித உறவுப் பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1950-களின் ஆரம்பத்தில் அவர் அதை அளந்தார். பயிற்சி முடியும் நாளில் மனப்பான்மை நன்றாக மாறியிருந்தது. ஆலைக்குத் திரும்பிய பிறகு அந்த மாற்றம் நிலைக்கவில்லை. ஃபோர்மேன் எப்படி நடந்துகொண்டார் என்பதை, அவர் பயிற்சியில் கற்றதைக் காட்டிலும், அவருக்கு மேலே இருந்தவர் அவரிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதே தீர்மானித்தது. இதை எங்கள் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் ரிசார்ட்டை மாற்றினார்கள்.

அடுத்த கருவி, ஆளை மாற்றி முன்னும் பின்னும் பார்ப்பது. இதுதான் ஆலைகளில் தினமும் நடப்பது. இதைவிட ஏமாற்றுகிற கருவி கிடையாது.

ஹாலந்து நாட்டுக் கால்பந்தில் டீம் தொடர்ந்து தோற்றால் மேனேஜரைத் தூக்கிவிடுவார்கள். புதியவர் வந்ததும் டீம் எழும்பும். பத்திரிகைகள் பாராட்டும். பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார அறிஞர் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். அதே அளவுக்குத் தோற்று, ஆனால் மேனேஜரை மாற்றாத டீம்கள் என்ன ஆயின? அவையும் அதேபோல எழும்பியிருந்தன. மோசமான காலம் என்பதே சராசரிக்குக் கீழே விழுந்த காலம். விழுந்தது சராசரியை நோக்கித்தான் திரும்பும். நாம் விழுந்த இடத்தில்தான் ஆளை மாற்றுகிறோம். அதனால் ஏற்றம் எப்போதும் புதியவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு லைனில் மூன்று மாதம் ரிஜெக்ஷன் எகிறிவிட்டது. அந்த ஷிப்ட் இன்சார்ஜ் பத்தொன்பது வருஷ சர்வீஸ்காரர். மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லக்கூடியவர். அவரைத் தூக்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள். புதியவர் வந்தார், ரிஜெக்ஷன் இறங்கியது, ஆயுதபூஜை அன்று மேடையில் அவருக்கு ஷீல்டு கொடுத்தார்கள். நான் இரண்டு லைன்களின் வரைபடத்தையும் ஒரே தாளில் போட்டு எடுத்துப் போனேன். பக்கத்து லைனில் யாரையும் மாற்றவில்லை. அங்கேயும் அதே மாதங்களில் ஏறி, அதே மாதங்களில் இறங்கியிருந்தது. இரண்டு லைனுக்கும் காஸ்டிங் ஒரே இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மேலே இருந்தவர் தாளைப் பார்த்தார். "அதெல்லாம் சரி தம்பி. ஆளை மாத்தினோம், நம்பர் வந்துச்சுல்ல?" என்றார். ஸ்டோர்ஸில் போடப்பட்டவர் அந்த வருஷமே கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த வருஷம் அது.

இந்தக் கணக்கு தப்பாகப் போனால் அது ஆராய்ச்சிக் கட்டுரையோடு நிற்பதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். யாருக்கு ஷீல்டு, யாருக்கு ஸ்டோர்ஸ் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

இப்போது பெரிய கம்பெனிகளுக்கு வருவோம். 1972-இல் ஸ்டான்லி லீபர்சன், ஜேம்ஸ் ஓ'கானர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள். 13 தொழில்களைச் சேர்ந்த 167 அமெரிக்கக் கம்பெனிகளின் 20 வருஷக் கணக்கை எடுத்தார்கள். விற்பனையும் லாபமும் வருஷத்துக்கு வருஷம், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகின்றன அல்லவா? அந்த ஏற்ற இறக்கத்தில் பொதுவான பொருளாதார நிலைக்கு எவ்வளவு பங்கு, எந்தத் தொழில் என்பதற்கு எவ்வளவு, எந்தக் கம்பெனி என்பதற்கு எவ்வளவு என்று பிரித்தார்கள். அதன் பிறகு மிச்சம் இருப்பதில் தலைவர் மாறியதால் எவ்வளவு என்று பார்த்தார்கள். விற்பனையிலும் மொத்த லாபத்திலும் தலைவரின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே. விற்பனைக்கு லாபம் எத்தனை சதவீதம் என்ற விகிதத்தில் மட்டும் ஓரளவு கூட. தலைவர் செய்வது பலன் கொடுக்க வருஷங்கள் ஆகும் என்று தாமதம் கொடுத்துப் பார்த்தபோது அந்த விகிதத்தில் அவர் பங்கு நன்றாகவே உயர்ந்தது. ஆனால் ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டது முதல் செய்தியைத்தான்: தலைவர் என்பவர் பெரிய விஷயமில்லை!

சண்டை பிடித்துக்கொண்டது. கணக்கில் தலைவரைக் கடைசியில் சேர்த்தால் பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவர் கதிதான், பாயசம் இருக்காது என்று ஒரு சாரார் சொன்னார்கள். புதிய முறைகள் வந்தன, தலைவரின் பங்கு ஏறிக்கொண்டே போனது. பிறகு 2014-இல் மார்கஸ் ஃபிட்சா என்பவர் வந்து, நீங்கள் காணும் பங்கில் எவ்வளவு வெறும் அதிர்ஷ்டம் என்று கேட்டார். அவர் கேட்டதை நம் ஊர் முறையில் சொல்கிறேன். பத்து பேரிடம் தாயக்கட்டையைக் கொடுத்து ஆளுக்கு நான்கு தடவை உருட்டச் சொல்லுங்கள். ஒவ்வொருவர் சராசரியும் வேறு வேறாக வரும். இவர் நல்ல உருட்டுக்காரர், அவர் மட்டம் என்று ஒரு பட்டியலே போடலாம். கட்டைக்கு இது எதுவும் தெரியாது. ஒரு தலைவர் பதவியில் இருப்பது சில வருஷங்கள்தான். அந்தச் சில வருஷ சராசரியிலும் இந்த உருட்டல் கலந்திருக்கிறது. 2017-இல் குவிக்லி, கிராஃபின் என்ற இருவர், வேறு முறையில் பார்த்தால் தலைவரின் பங்கு அதிர்ஷ்டத்தைக் கழித்த பிறகும் நிற்கிறது என்று பதில் எழுதினார்கள். ஃபிட்சா அதற்கும் பதில் எழுதினார். என் அபிப்பிராயம் கேட்டால், இந்த வழியில் சண்டை தீராது. ஏனென்றால் நிறுவனங்கள் தலைவரைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்குவதில்லை. நன்றாக ஓடும் கம்பெனிக்கு நல்ல ஆள் வருவார், தத்தளிக்கும் கம்பெனிக்குத் துணிந்தவர் வருவார். ஆளும் நிலைமையும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. பிரிக்க வேண்டுமானால், நிலைமைக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரணத்தால் தலைவர் காணாமல் போக வேண்டும்.

கேட்கக் கொஞ்சம் குரூரமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கேதான் ஆராய்ச்சி கெட்டிக்காரத்தனமாக ஆகிறது. வியாதிக்கு பாலன்ஸ் ஷீட் தெரியாது.

டென்மார்க்கில் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு எண் உண்டு. மருத்துவமனைப் பதிவும் கம்பெனிப் பதிவும் அந்த எண்ணின் மூலம் சேரும். மோர்டன் பென்னெட்சனும் அவருடைய கூட்டாளிகள் இருவரும், தலைமை அதிகாரி மருத்துவமனையில் படுத்திருந்த காலத்தில் கம்பெனி என்ன ஆயிற்று என்று ஆயிரக்கணக்கான சிறு, நடுத்தர நிறுவனங்களில் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். தலைவரும் கம்பெனியும் மாறவில்லை; அவர் மட்டும் சில நாள் வரவில்லை. லாபம் குறைந்தது, முதலீடு குறைந்தது. இளம் தலைவர்கள், வளர்ந்துகொண்டிருக்கும் கம்பெனிகள், குடும்பக் கம்பெனிகள், ஆட்களின் மூளையை நம்பி நடக்கும் தொழில்கள் ஆகியவற்றில் பாதிப்பு ஜாஸ்தி. அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அதிகாரிகள் படுத்தபோது இப்படி ஆகவில்லை. லீபர்சனும் ஓ'கானரும் தலைவரைச் சிறிதாக்கியது எவ்வளவு உண்மையோ, இதுவும் அவ்வளவு உண்மை.

இதே குழு 2007-இல் செய்த இன்னொரு ஆய்வு இங்கே உட்கார்ந்திருக்கும் மில் ஓனர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. கோபித்துக்கொள்ளக் கூடாது. அடுத்த தலைவர் மகனா, வெளி ஆளா என்பதை நிலைமை தீர்மானிக்கும், ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ஓய்வு பெறுபவரின் முதல் குழந்தை ஆணா பெண்ணா என்பது இயற்கையின் சீட்டுக் குலுக்கல். மூத்தது ஆணாக இருந்தால் பதவி குடும்பத்துக்குள் போவது டென்மார்க்கிலும் அதிகம்! அதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். குடும்பத்துக்குள் பதவி போனபோது, சொத்து மதிப்புக்கு வரும் லாப விகிதம் குறைந்தது 4 சதவீதப் புள்ளிகள் இறங்கியிருந்தது.

நாடுகளுக்கும் இதே உத்தியைப் பயன்படுத்தினார்கள். ஜோன்ஸ், ஓல்கன் என்ற இருவர் 2005-இல், பதவியில் இருக்கும்போதே வியாதியாலோ விபத்தாலோ இறந்த 57 நாட்டுத் தலைவர்களை எடுத்துக்கொண்டார்கள். தலைவர் மாறியதும் பொருளாதார வளர்ச்சி மாறியது. ஆனால் முக்கியமாக, தலைவரைத் தட்டிக் கேட்க ஆள் இல்லாத நாடுகளில். உங்கள் ஆலையில் எந்த ஆட்சி என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது மாணவர்கள் கவனிக்க வேண்டியது. உங்களுக்கு முதல் பத்து வருஷம் கம்பெனித் தலைவர் முகம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் தெரியும். உங்களுக்குத் தலைவர் என்றால் பக்கத்துச் சீட்டில் இருக்கும் பாஸ்தான். லாசியர், ஷா, ஸ்டான்டன் என்ற மூவர் 2015-இல் அவரை அளந்தார்கள். ஒரு பெரிய சேவை நிறுவனம்; 23,878 ஊழியர்கள், 1,940 பாஸ்கள். ஒவ்வொருவர் செய்யும் வேலையையும் கம்ப்யூட்டரே எண்ணுகிறது. ஊழியர்கள் அடிக்கடி ஒரு பாஸிடமிருந்து இன்னொருவரிடம் மாறுவதால், ஆளின் திறமையையும் பாஸின் பங்கையும் பிரித்தெடுக்க முடிந்தது. மிக மட்டமான பத்தில் ஒரு பங்கில் இருக்கும் பாஸை எடுத்துவிட்டு, மிகச் சிறந்த பத்தில் ஒரு பங்கில் உள்ளவரைப் போட்டால், ஒன்பது பேர் கொண்ட குழுவுக்குப் பத்தாவதாக ஓர் ஆளைச் சேர்ப்பதைவிட அதிக வேலை நடக்கிறது. அந்த நல்ல பாஸ் என்ன செய்கிறார்? விரட்டுவது மட்டும்தான் என்றால் அவர் மாறிப்போனதும் வேலை விழுந்துவிட வேண்டும். அப்படி விழவில்லை, ஒரு பகுதி நின்றது. அவர் பெரும்பாலும் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அவர்கள் முடிவு.

இதன் விதை 1939-லேயே இருக்கிறது. குர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் மூவரும் அயோவாவில் பத்து வயதுப் பையன்களின் கைத்தொழில் சங்கங்களில் விதவிதமான தலைவர்களை வைத்துப் பார்த்தார்கள். அதிகாரம் செய்யும் தலைவர், கலந்து பேசும் தலைவர், சும்மா விட்டுவிடும் தலைவர். சோதனையின் நடுவே வேண்டுமென்றே தலைவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். அதிகாரம் செய்தவர் வெளியே போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசியவர் போனபோது ஏறக்குறைய அப்படியே நடந்தது. நம் ஹாஸ்டலில் வார்டன் ஊருக்குப் போன வாரங்களை நினைத்துப் பாருங்கள், அவர் எந்த வகை என்று விளங்கிவிடும்.

கடைசியாக நம் நாட்டு விஷயம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் நெருக்கமானது. மும்பைக்குப் பக்கத்தில் தாராப்பூர், உம்பர்காவ் என்று இரண்டு ஊர்கள், நெசவாலைகள் நிறைந்தவை. நிக்கோலஸ் புளூம், மெக்கென்சி, ராபர்ட்ஸ் முதலான ஐந்து ஆராய்ச்சியாளர்கள் 2008-லிருந்து அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். 17 கம்பெனிகள், 28 ஆலைகள். எல்லாம் குடும்பக் கம்பெனிகள். நாம் நன்றாக அறிந்த காட்சிதான்: லேபிள் இல்லாமல் குவிந்து கிடக்கும் நூல், தரையில் எண்ணெய், எங்கே போயிற்று என்று தேடும் ஸ்பானர், பழுதானால் மட்டும் திறக்கும் மிஷின், துணியில் குறை வந்தால் சரிசெய்ய ஒரு பட்டாளம், ஆனால் எந்தக் குறை எந்தத் தறியில் வந்தது என்று எழுதி வைக்க ஒரு நோட்டு கிடையாது.

தலைமை, நிர்வாகம் என்ற பெரிய வார்த்தைகளை அவர்கள் 38 காரியங்களாக உடைத்தார்கள். குறைகளை வகைப்படுத்தி எழுதுகிறார்களா? மிஷின் நின்ற நேரத்தைக் குறிக்கிறார்களா? முன்கூட்டிப் பராமரிப்பு உண்டா? தினமும் மேனேஜர்கள் நின்று பத்து நிமிஷம் பேசுகிறார்களா? பழைய நூல் இருப்பு எவ்வளவு என்று தெரியுமா? இப்படி ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. அபிப்பிராயத்துக்கு இடம் இல்லை. கைச் சூடு படாத கேஜ் என்று நான் சொல்வது இதைத்தான்.

பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். ஒரு பகுதி ஆலைகளுக்கு நிர்வாக ஆலோசகர்கள் ஒரு மாதம் குறை கண்டு சொல்லி, அடுத்த நான்கு மாதம் கூடவே நின்று செய்ய வைத்தார்கள். ஒப்பிடுவதற்கான ஆலைகளுக்கு அந்த ஒரு மாதக் குறைகாணல் மட்டும். ஆலைகள் கொஞ்சம்தான், அதை ஈடுகட்ட, ஒவ்வோர் ஆலையிலும் நீண்ட காலத்துக்கு வாரா வாரம் அளவெடுத்தார்கள். முதல் வருஷத்தில் உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. மூன்று வருஷத்துக்குள் அந்தக் கம்பெனிகள் புது ஆலைகளும் திறந்தன.

லாபம் வரும் என்றால் முதலாளிகள் ஏன் இத்தனை நாள் செய்யவில்லை? பலருக்குத் தெரியவில்லை. தெரிந்த சிலர், நமக்கு இதனால் லாபம் இல்லை என்று நினைத்தார்கள். எங்கள் துணி பக்கத்து ஆலைத் துணியைவிட மோசமில்லையே என்பார்கள். பக்கத்து ஆலையும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கும். இதில் ஒரு வேடிக்கை, அந்தக் கம்பெனிகள் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கின்றன என்பதோடு நெருங்கிப் பொருந்திய ஒரு விஷயம், குடும்பத்தில் எத்தனை ஆண்கள் என்பது. நம்பி ஓர் ஆலையை ஒப்படைக்க அண்ணன் தம்பி வேண்டும். அண்ணன் தம்பி தீர்ந்தால் ஆலையும் தீர்ந்தது. வீட்டுப் பெண்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து, 2017-இல், அதே ஆலைகளுக்குத் திரும்பப் போனார்கள். எனக்குத் தெரிந்தவரை இப்படித் திரும்பிப் போய்ப் பார்க்கிறவர்கள் அபூர்வம். அன்று புதிதாக ஆரம்பித்த பழக்கங்களில் பாதி காணாமல் போயிருந்தன. அப்படியும், சீட்டு விழாத ஆலைகளைவிட இவை நல்ல தூரம் முன்னே இருந்தன. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு எதுவும் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் அதே கம்பெனியின் மற்ற ஆலைகளுக்குப் பல பழக்கங்கள் பரவியிருந்தன. போன பாதி ஏன் போயிற்று என்று கேட்டதில் அதிகம் வந்த காரணங்கள் இரண்டு: ஆலை மேனேஜர் மாறிவிட்டார், முதலாளிக்கு நேரம் இல்லை.

இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தலைவர் என்ற ஆளை வெளியே நிறுத்திவிட்டு, காரியங்களை மட்டும் எண்ணிய ஆராய்ச்சி அது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த ஆள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார். நோட்டுப் போட்டது ஆலோசகர். நோட்டை தினமும் திறந்து பார்த்தவர் ஒரு மேனேஜர். அவர் போனதும் சில ஆலைகளில் நோட்டு மூடிக்கொண்டது, சில ஆலைகளில் மூடவில்லை. அவர் இருந்த நாட்களில் இரண்டு இடத்திலும் ஒரே எண்கள்தான் தெரிந்திருக்கும்.

இதற்குப் பிறகு எங்கள் ஆலையில் நான் செய்துவருவது சின்னக் காரியம்தான். இன்சார்ஜ்கள் லீவு எடுக்கும் தேதிகளை நேர அலுவலகத்திலிருந்து வாங்கி, ரிஜெக்ஷன் வரைபடத்தில் கோடு போட்டு வைக்கிறேன். காய்ச்சல், கல்யாணம், சபரிமலை, எல்லாம் உண்டு. பக்கத்து லைனையும் அதே தாளில் வைக்கிறேன். இரண்டு வருஷத் தாள்கள் சேர்ந்திருக்கின்றன. முடிவு சொல்ல அது போதாது. ஆனால் ஓர் இன்சார்ஜ் பத்து நாள் இல்லாதபோதும் அவர் லைனில் கோடு அசையவில்லை. "அப்ப அந்த ஆள் தேவையே இல்லையே" என்று ஒருவர் கேட்டார். அவருக்காகத்தான் ஸ்டா, லெவின், லாசியர் மூன்று பேரின் கதையையும் நான் முதல்முதலில் தமிழில் சொல்லிப் பழகினேன். இப்போது அந்த இன்சார்ஜிடம் புது ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் முப்பது நாற்பது பேராவது சொந்தமாக ஆலையோ பட்டறையோ நடத்துகிறீர்கள். உங்கள் ஷிப்ட் ரிஜிஸ்டரும் லீவு ரிஜிஸ்டரும் ஏதாவது ஒரு பரணில் தூசி படிந்து கிடக்கும். ஆட்களின் பெயரை மறைத்துவிட்டு இரண்டு வருஷத்து நோட்டை நம் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கொடுங்கள். பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து ஆலைகள் சேர்ந்தால் அளந்து பார்க்க ஒரு விஷயம் இருக்கிறது. பிற்பகல் இரண்டரை மணிக்கு மெட்ராலஜி லேபில் இருப்பேன், சார் சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார். விருப்பம் உள்ளவர்கள் அங்கே வாருங்கள்.